மானசரோவரில் மூன்று முழுக்கு

டக்லாகோட் நகரிலிருந்து வடக்கே செல்லும் பேருந்தில் வலப்பக்கம் அமர்பவர்களுக்கு முதலில் குர்லா மாந்தாதாவின் பனிமுகடுகள் கிட்டும். இடப்பக்கம் அமர்பவர்களுக்கு இராட்சஸதாலம். சிறிது தொலைவு சென்றபின் இரு பக்கத்தாரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள். நீலம் என்னும் சொல்லுக்கு அதுவரை நாம் கொண்டிருந்த பொருள் போதாது என்று உணர்த்தியபடி மானசரோவர் கண்ணெதிரே விரிகிறது. அதன் வடபால், மேகம் விலகும் கணங்களில், கயிலைநாதனின் வெண்முடி.

2017-ஆம் ஆண்டு ஆனிப் பௌர்ணமியை ஒட்டி, நேபாள மார்க்கமாக நாங்கள் இருபத்தெட்டுப் பேர் அந்தக் கரையை அடைந்தோம். சிமிகோட் வரை சிறு விமானம், அங்கிருந்து ஹில்சா வரை ஹெலிகாப்டர், எல்லை கடந்து டக்லாகோட்டில் இரண்டு இரவு என்று நான்கைந்து நாட்களில் சமவெளியிலிருந்து ஏறக்குறைய 4,590 மீட்டர் உயரத்திற்கு வந்துவிட்டோம். அவ்வுயரத்தில் நம் ஒவ்வொரு மூச்சிலும் சமவெளியில் கிடைப்பதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவான பிராணவாயுவே சேர்கிறது. அக்காவுக்கு அப்போது வயது எழுபத்தொன்று. மயிலாடுதுறையில் வாழ்க்கைப்பட்டு, ஆண்டுதோறும் ஐப்பசி முப்பது நாளும் துலா கட்டத்தில் முழுகியவர். கயிலைக்குப் போகவேண்டும் என்பது அத்தானின் ஆசை. அது நிறைவேறாமலே அவர் சிவபதம் எய்திவிட்டார். அவர் பொருட்டு மானசரோவரில் பிரம்ம முகூர்த்தத்தில் மூன்று முழுக்கு என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தார்.

நானோ முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பையில் விபூதிச் சம்புடத்துடன் ஒரு வெப்பமானியும் வைத்திருந்தேன். அக்காவுக்கும் எனக்கும் இடையே அந்த வெப்பமானிதான் வழக்குப் பொருள் ஆயிற்று.

பிரம்மதேவரின் மனத்திலிருந்து தோன்றியதால் மானசம் என்று புராணம் பெயர் சொல்லும் இந்த ஏரி, ஏறக்குறைய 410 சதுர கிலோமீட்டர் பரப்பும், நடுவே 70 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமும் உடையது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஸ்வென் ஹெடின் 1907-ஆம் ஆண்டில் இதில் படகு செலுத்தி, கயிறு விட்டு ஆழம் அளந்தார். நம் நாட்டவரான சுவாமி பிரணவானந்தர் ஒரு மாரிக்காலம் முழுவதும் கரையிலேயே தங்கி, ஏரி உறைவதையும், பனிக்கட்டி வெடித்து எழுப்பும் பேரோசைகளையும், பின்னர் அது உருகுவதையும் நாள்தோறும் குறித்துவைத்தார். ஒரு துறவி செய்த அந்தப் பணியை எண்ணும்போது இன்றும் எனக்கு வியப்பே மேலிடுகிறது. தீர்த்தத்தை வணங்குவது ஒன்று. அதன் இயல்பை அறிய முயல்வது மற்றொன்று. இரண்டையும் ஒருவரே செய்திருக்கிறார்.

அந்த இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். நீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. நான்கு டிகிரி செல்சியஸில்தான் அது மிகக் கனமாக இருக்கும். குளிர்காலம் நெருங்க மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடிநீர் மேலே வரும். ஏரி முழுவதும் ஏறத்தாழ நான்கு டிகிரி ஆனபின், அதற்கும் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலேயே மிதந்து பனிக்கட்டி ஆகிறது. மார்கழி, தை தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை இந்தக் கடல்போன்ற ஏரி உறைந்து கிடக்கும். உருகியபின் வைகாசியில் வரும் யாத்திரிகர் காண்பது என்ன? தலைக்கு மேல் சுள்ளென்ற வெயில், மேல்சட்டையைக் கழற்றத் தோன்றும் நண்பகல். ஆனால் ஏரியோ பனிக்கட்டி நிலையிலிருந்து சில டிகிரிகளே ஏறியிருக்கும். நிலம் ஒரே நாளில் சுடும். அவ்வளவு ஆழமுள்ள நீருக்குச் சூடேற மாதங்கள் வேண்டும். காற்றின் இதத்தை நம்பி நீரில் இறங்குவோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மேல்நீர் உள்ளதில் இதமாவது ஆடி, ஆவணி மாதங்களில். அப்போதும் 10 முதல் 13 டிகிரி அளவுதான். அதே மாதங்களில் மழைமேகம் வந்து கயிலை முடியை மறைத்துவிடும் என்பதால் பலர் வைகாசியிலோ புரட்டாசியிலோ செல்ல விரும்புகிறார்கள். தரிசனத்திற்கு ஏற்ற காலம் வேறு, ஸ்நானத்திற்கு ஏற்ற காலம் வேறு என்று இறைவன் வைத்திருக்கிறான் போலும்.

"ஐப்பசி அடைமழையில் முழுகினவள் நான். குளிர் எனக்குப் புதிதா தம்பி?" என்றார் அக்கா.

புதிதுதான். நம் காவிரியும் திருக்குளங்களும் மார்கழி விடியலில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கிணற்று நீரோ ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் மார்கழியில் வெதுவெதுப்பாகவே தோன்றும். நாம் குளிர் என்று சொல்லிப் பழகியது அதைத்தான். பதினைந்து டிகிரிக்குக் கீழே உள்ள நீர் உடம்பைத் தீண்டும் விதமே வேறு.

எங்கள் குழுவில் கோவையைச் சேர்ந்த மருத்துவ அம்மையார் ஒருவர் இருந்தார். அன்று மாலை உணவுக்கூடத்தில் எல்லோரையும் அமர்த்தி அவர் எடுத்துச் சொன்னார். திடீரெனக் குளிர்நீரில் மூழ்கினால், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், நெஞ்சு விம்மி ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கும். அந்தக் கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றன்று, நீர். தொடர்ந்து மூச்சு மிக வேகமாக இரைக்கும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஒருசேர எகிறும். முதல் இரண்டு மூன்று நிமிடங்கள்தாம் பேராபத்தான காலம். அதைக் கடந்தாலும் பத்து நிமிடங்களுக்குள் கைகால்கள் வலுவிழக்கத் தொடங்கும். நீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும்.

"உடம்பு உறைந்துபோவதற்கு அரைமணியாவது ஆகும். ஆனால் பெரியவர்கள் பலர் அதற்கு வெகு முன்பே, முதல் முழுக்கிலேயே, இடர்ப்படுகிறார்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து முழுக வேண்டாம்" என்று முடித்தார்.

அக்கா இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவர். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து படுக்கப் போய்விட்டார். அந்த மௌனத்தின் பொருள் எனக்குத் தெரியும்.

நாங்கள் தங்கியிருந்தது ச்யூ மடாலயம் இருக்கும் குன்றின் அடிவாரத்தில். பிரம்ம முகூர்த்தத்தில் தேவர்கள் சோதி வடிவில் வந்து நீராடுவார்கள் என்னும் நம்பிக்கையால் யாத்திரிகர்கள் எவரும் அங்கே இரவில் முழுதாக உறங்குவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அங்குள்ள கடிகாரங்கள் பீஜிங் நேரத்தைக் காட்டுகின்றன. அது நம் நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. அவ்வூர்க் கடிகாரத்தில் நான்கு அடித்ததும் எழுந்த சிலருக்கு நம் கணக்கில் இரவு ஒன்றரை மணி! மேலே பௌர்ணமி நிலவு, கீழே வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஏரி. எத்தனை முறை எழுந்து வந்தாலும் தகும் காட்சிதான். ஆனால் கரையில் நிற்கும்போது காது மடல்கள் விறைத்தன.

விடியலுக்கு முன்பாகவே அறுபது வயது மதிக்கத்தக்க அன்பர் ஒருவர், நல்ல தேகக்கட்டு உடையவர், "ஹர ஹர மகாதேவா" என்று முழங்கியபடி ஓடிச் சென்று இடுப்பளவு நீரில் விழுந்தார். முதல் முழுக்கிலிருந்து எழுந்தவர் இரண்டாவது முழுக்குப் போடவில்லை. வாய் திறந்திருந்தது, ஒலி வரவில்லை. கைகளைப் பரப்பியபடி பக்கவாட்டில் சாய்ந்தார். எங்களோடு வந்த ஷெர்பா இளைஞர்கள் இருவர் காலணியோடு பாய்ந்து அவரை இழுத்துவந்தார்கள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நீரில் இருந்தது அரை நிமிடம்கூட இராது.

மருத்துவ அம்மையார் செய்தவற்றை நான் அருகிருந்து பார்த்தேன். ஈர உடையை உடனே அகற்றச் செய்து, உலர்ந்த கம்பளியால் மார்பையும் கழுத்தையும் தலையையும் முதலில் போர்த்தினார். பதற்றத்தில் ஒருவர் கைகால்களைத் தேய்க்கத் தொடங்கியபோது, "தேய்க்காதீர்கள்" என்று தடுத்தார். இன்னொருவர், மடாலயத்தின் அருகே வெந்நீர் ஊற்று இருக்கிறதே, அங்கே கொண்டுபோகலாமா என்றார். அதற்கும் வேண்டாம் என்றார். கைகால்களில் தங்கிய குளிர்ந்த இரத்தம் ஒரேயடியாக இதயத்தை நோக்கித் திரும்பினால் கரையேறியபின்னும் மயக்கம் வரலாமாம். பிராணவாயு உருளை வந்தது. ஒருமணி நேரம் கழித்து அன்பர் வெதுவெதுப்பான தேநீர் அருந்தினார். ஆயினும் பரிக்கிரமத்திற்குச் செல்ல அனுமதி கிட்டவில்லை. அன்றே அவரைக் கீழே டக்லாகோட்டிற்கு அனுப்பிவைத்தார்கள். கயிலையின் வாயிலை அடைந்து திரும்பிய அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நான் அக்காவைத் தேடினேன். மடித்த மாற்றுப்புடவையை மார்போடு அணைத்தபடி கரையில் ஒரு கல்லின்மேல் அமர்ந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வெப்பமானியை நீரில் விட்டுக் காட்டினேன். எட்டு டிகிரி. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் தம்பி" என்றார்.

அத்தானுக்குக் கொடுத்த வாக்கின் முன் என் பௌதிகம் என்ன செய்யும்? எனக்கு வாய் எழவில்லை. அக்காவை மறுதலிக்கும் தகுதி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என்னை வளர்த்தவரே அவர்தான்.

எங்கள் குழுவில் வந்திருந்த வயது முதிர்ந்த சிவாச்சாரியார் ஒருவர் அருகே வந்து அமர்ந்தார். அவர் நீராடுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அம்மா, அப்பர் பெருமானுக்குக் கயிலையில் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்குப் பெரியபுராணம் தெரியும். காளத்தியையும் காசியையும் வணங்கிய திருநாவுக்கரசர், முதிர்ந்த வயதில் கயிலையை நோக்கி நடந்தார். பாதங்கள் தேய்ந்தபின் கைகளால் தாவினார், மார்பால் ஊர்ந்தார், பின் உருண்டார். மேனி நைந்து கிடந்தவர் முன் இறைவன் முனிவராக வந்து, இந்த மானிட உடலுக்குக் கயிலை எளிதன்று, திரும்பிச் செல்க என்றான். கண்டாலன்றி மீளேன் என்றார் அரசர். அவர் உறுப்புகளை நலமுறச் செய்த இறைவன், அருகே தான் உண்டாக்கிய தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுக என்று ஆணையிட்டான். அந்தத் தடாகம் மானசரோவரே என்று சிலர் சொல்வதுண்டு. சேக்கிழார் பெருமான் அப்படிச் சொல்லவில்லை. எழுந்த இடமோ ஐயமற்றது. கயிலைக் காட்சியை அரசர் கண்டது நம் காவிரிக்கரையில்.

"வைராக்கியத்தில் அப்பரை யார் மிஞ்சுவார்? அவருக்கே சுவாமி திரும்பிப் போ என்றுதானே சொன்னார்?" என்றார் சிவாச்சாரியார்.

பிறகு ஸ்நான வகைகளைச் சொன்னார். நீரில் மூழ்குவது வாருணம். அதனோடு, மந்திரத்தால் புரோட்சணம் செய்துகொள்வது, தூய மண்ணால், விபூதியால், பசுக்களின் குளம்படித் தூசியால், வெயிலோடு பெய்யும் மழையால், இறைவனை உள்ளத்தில் இருத்தும் மானசத்தால் என்று ஸ்மிருதிகள் ஏழு வகை கூறுகின்றன. முதியோருக்கும் பிணியாளருக்கும் வாருணம் கட்டாயம் அன்று. மானச ஸ்நானத்திற்கு மானசரோவரைவிடப் பொருத்தமான கரை ஏது என்று அவர் சொன்னபோது அக்கா இலேசாகச் சிரித்தார்.

அக்கா முழுமையாக இசைந்துவிடவில்லை. நீரைத் தீண்டாமல் திரும்பமாட்டேன் என்றார். மருத்துவ அம்மையார் நாடி பார்த்து, அழுத்தம் அளந்து, நண்பகல் வரை காத்திருங்கள் என்றார். அங்கே பிற்பகலில் காற்று எழுந்துவிடும்; கடல்போல் அலை புரளும். வெயில் ஏறியபின், காற்று எழுமுன் உள்ள ஓரிரு மணி நேரமே நல்ல வேளை. நம் நேரப்படி பன்னிரண்டரை மணிக்கு நாங்கள் இறங்கினோம். ஆழமற்ற கரையோரத்தில் வெப்பமானி பன்னிரண்டைக் காட்டியது. ஓரடிக்கு வண்டல் மெத்தென்றும், அடுத்த அடிக்குக் கூழாங்கல் வழுக்கியும் இருந்தது. ஷெர்பா இளைஞர் ஒருபுறமும் நான் ஒருபுறமும் அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டோம்.

முதலில் கணுக்கால் வரை நின்றார். கைகளை நனைத்தார், முகத்திலும் பிடரியிலும் நீரைத் தடவிக்கொண்டார். மூச்சு இரைத்தது. அது அடங்கும்வரை நாங்கள் அடுத்த அடி வைக்கவில்லை. முழங்கால் அளவு சென்றபின் சங்கல்பம் செய்து, செம்பில் மொண்டு, அத்தான் பெயர் சொல்லித் தோளில் ஒன்று, பின்னர் தலையில் இரண்டாக மூன்று செம்பு வார்த்துக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் கரையேறிவிட்டோம். ஈரப்புடவையோடு காற்றில் நின்று ஜபிக்க அவர் விரும்பியதை அம்மையார் விடவில்லை. கூடாரத்தில் உடைமாற்றி, கம்பளி போர்த்தி, சுக்கு வெந்நீர் கொடுத்தபின்தான் ஜபமாலையைக் கையில் தந்தார். அக்காவுக்கு நடுக்கம் நிற்க அரைமணி ஆயிற்று.

இப்போது யாத்திரை செல்லும் அன்பர்களுக்கு நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2018-க்குப் பிறகு அங்குள்ள நிர்வாகம் ஏரியில் இறங்கி நீராடுவதைக் கட்டுப்படுத்தி, நீரை வாளியில் மொண்டு கரையில் குளிக்கச் சொல்கிறது. 2020 முதல் நின்றிருந்த நம் அரசின் யாத்திரையும் 2025-இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. அரசு யாத்திரைக்கு எழுபது வயது வரம்பும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. நேபாள வழியில் செல்லும் மூத்தோர் தாமே தம் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது அவசியம். வாளி என்றால் ஆபத்து இல்லை என்று எண்ணவேண்டாம். குனிந்து நின்று ஒரு வாளி நீரையும் தலையில் கவிழ்த்தால் அதே அதிர்ச்சிதான். வாளியை ஒருமணி நேரம் வெயிலில் வைத்திருந்து, காலிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக வார்த்துக்கொள்ளலாம். குழுவின் சமையற்காரரிடம் கேட்டு ஒரு செம்பு வெந்நீர் கலந்துகொண்டாலும் தீர்த்தத்தின் மகிமை குறைந்துவிடாது என்று அந்தச் சிவாச்சாரியாரே சொன்னார். தனியே மட்டும் போகாதீர்கள். வயிறு புடைக்க உண்டபின்பும், முழுப் பட்டினியிலும் வேண்டாம். உயரத்தால் தலைவலியோ குமட்டலோ இருக்கும் நாளில் புரோட்சணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது அக்கா ஒரு சிறு குப்பியில் ஏரிநீர் எடுத்துவந்தார். வழியெல்லாம் முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் முழுக்கு என்று வேண்டிக்கொண்டது முழுக்காகவில்லை என்ற குறை அவர் மனத்தில் இருந்ததை நான் அறிவேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறு ஆண்டு ஆடி அமாவாசைக்குத் திருவையாறு போகலாம் என்று அவரேதான் சொன்னார். அப்பருக்குக் கயிலைக் காட்சி தந்த விழா அங்கே அன்றுதான் நடைபெறும். 2018-இல் மேட்டூர் அணை நிரம்பிக் காவிரியில் வெள்ளம் வந்திருந்தது. பல ஆண்டுகள் மணலாகக் கிடந்த ஆற்றைப் பார்த்துவிட்டு, புஷ்ய மண்டபத் துறையில் அந்த நீர்ப்பெருக்கைக் கண்டபோது வயதானவர்கள் பலர் கண்கலங்கி நின்றார்கள். நீர் இதமாக இருந்தது; ஆனால் இழுப்பு பலமாக இருந்தது. குளிரில்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாதே. கீழ்ப்படிகளுக்குப் போகாமல், மேற்படியிலேயே அக்காவை அமரவைத்து நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் கோலைக் கொண்டுவரவில்லையா?" என்று கேட்டார். கொண்டுவந்திருந்தேன். இருபத்தேழு டிகிரி என்று சொன்னேன்.

அத்தான் பெயர் சொல்லி மூன்று முறை முழுகி எழுந்தார். குப்பியில் இருந்த மானசரோவர் நீரில் பாதியைக் காவிரியில் விட்டார். மீதியை அப்பர் எழுந்தருளிய குளத்தில் சேர்க்கவேண்டும் என்று, ஈரப்புடவையை மாற்றியதும் என்னை அழைத்துக்கொண்டு நடந்தார். மாலையில் ஐயாறப்பர் சந்நிதியில் கூட்டம் நெருக்கியது. எங்களுக்குக் காட்சி கிட்டும்போது இரவு எட்டு மணி ஆகிவிட்டது.